ஓடுகிற உடம்புக்குச் சோறு போடுங்கள்!

காலை ஐந்தே முக்கால் மணி. பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரை. இருட்டு முழுசாக விலகவில்லை; அதற்குள் நடைபாதை நிரம்பிவிட்டது. ஓரமாக எவர்சில்வர் பாத்திரங்களை வரிசையாக வைத்து அருகம்புல், வாழைத்தண்டு, நெல்லிக்காய் என்று சாறு ஊற்றிக்கொண்டிருக்கிறார் ஒருவர். முப்பதைத் தாண்டிய ஒரு பெண் ஓட்டத்தை முடித்துவிட்டு வந்து நிற்கிறார். டி-ஷர்ட் முதுகோடு ஒட்டியிருக்கிறது. மணிக்கட்டைத் திருப்பி வாட்ச்சைப் பார்க்கிறார், முகத்தில் திருப்தி. ஒரு டம்ளர் வாழைத்தண்டுச் சாறு வாங்கிக்கொள்கிறார்.

"டிஃபன் சாப்பிடப் போலாமாடி?" என்கிறார் கூட வந்த தோழி.

"அதை நிறுத்தி ரெண்டு மாசமாச்சு. மத்தியானம் ஒரு சப்பாத்தி, ராத்திரி ஒரு ஆப்பிள். அவ்ளோதான்."

"எப்படிடி முடியுது உன்னால!"

ஸ்கூட்டியை எடுக்கப் போனவர், கைப்பிடியைப் பிடித்தபடி கண்ணை மூடிச் சில நொடிகள் நிற்கிறார். தலைசுற்றல் அடங்கியதும் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விடுகிறார்.

கோவை ரேஸ்கோர்ஸ் நடைபாதையிலும், தெருவுக்குத் தெரு முளைத்துவிட்ட ஜிம்களிலும் இதே பேச்சைக் கேட்கலாம். எடையைக் குறைக்க வேண்டிய தேவை உண்மையானது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையிலான பெண்களில் 40.4 சதவிகிதம் பேர் அதிக எடையோடு இருந்தார்கள். 2015-16 கணக்கெடுப்பில் இது 30.9 சதவிகிதம்தான். ஆண்களில் 2019-21-ல் 37 சதவிகிதம். சர்க்கரை, பிரஷர், மூட்டுவலி எல்லாம் பின்னாலேயே வருகின்றன. ஆகவே விடியற்காலையில் எழுந்து ஓடுகிறவர்களைப் பாராட்டத்தான் வேண்டும். கவலையெல்லாம், ஓடிவிட்டு வந்து சாப்பிடாமல் இருப்பவர்களைப் பற்றித்தான்.

ஆயிரத்து இருநூறு என்கிற கணக்கு

ஜிம்மில் சேர்ந்தால் முதல் வாரமே கைக்கு ஒரு டயட் சார்ட் வந்துவிடுகிறது. பல சார்ட்களில், குறிப்பாகப் பெண்களுக்குக் கொடுக்கப்படுபவற்றில், ஒரு நாளைக்கு 1,200 கலோரி என்று இருக்கும். உயரம், வயது, வேலை, எவ்வளவு நேரம் உடற்பயிற்சி என்று எதையும் கேட்காமலே அந்த எண் எழுதப்படுவதும் உண்டு.

ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல் வெளியிட்ட பரிந்துரை இப்படிச் சொல்கிறது: உட்கார்ந்தே வேலை பார்க்கும், 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 1,660 கலோரி வேண்டும். நடுத்தர உழைப்பு என்றால் 2,130. உட்கார்ந்து வேலை பார்க்கும் 65 கிலோ ஆணுக்கு 2,110. நடுத்தர உழைப்புக்கு 2,710. நம் ஊர் உடம்புக்கும் உணவுக்கும் ஏற்பப் போட்ட கணக்கு இது. அந்த நிறுவனமே 1918-ல் குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய சிறிய ஆய்வகமாக இருந்து, 1958-ல் ஹைதராபாத்துக்குப் போனதுதான்.

இளைக்க வேண்டுமென்றால் செலவைவிட வரவு குறைய வேண்டும் என்பதில் மாற்றுக்கருத்து இல்லை. எவ்வளவு குறையலாம் என்பதில்தான் சார்ட்கள் கண்ணை மூடிக்கொள்கின்றன. சாப்பாட்டில் ஓர் எழுநூறு குறைத்து, ட்ரெட்மில்லில் ஒரு முந்நூறு கூட்டினால், ஒரு நாளைக்கு ஆயிரம் கலோரி பள்ளம். அந்தப் பள்ளத்தை எதைக் கொண்டு நிரப்புவது என்பதை உடம்பு தன் போக்கில் முடிவு செய்துகொள்கிறது. முதலில் கைவைப்பது கொழுப்பில்தான் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

மின்னசோட்டாவில் 36 பேர்

இந்தப் பள்ளத்துக்குள் மனிதர்களை இறக்கி, நாள் தவறாமல் அளந்து பார்த்த ஓர் ஆய்வு இருக்கிறது. இரண்டாம் உலகப்போரின் கடைசிக் கட்டம். ஐரோப்பாவில் லட்சக்கணக்கானவர்கள் பட்டினியில். அவர்களுக்கு எப்படி மறுபடி உணவூட்டுவது என்று கண்டுபிடிக்க, அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற உடலியல் அறிஞர் 36 ஆண்களைத் திரட்டினார். போரில் ஆயுதம் ஏந்த மறுத்து, மாற்றுப் பணிக்கு ஒப்புக்கொண்ட ஆரோக்கியமான இளைஞர்கள். பல்கலைக்கழகத்தின் கால்பந்து மைதானத்துக்கு அடியிலிருந்த அறைகளில் தங்கவைக்கப்பட்டார்கள். முதல் மூன்று மாதம் வழக்கமான சாப்பாடு, சுமார் 3,200 கலோரி. 1945 பிப்ரவரி 12 முதல் 24 வாரங்களுக்கு அதைப் பாதியாக்கினார்கள்: சராசரியாக 1,570 கலோரி. ரொட்டி, உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், மக்ரோனி. கூடவே வாரத்துக்கு 35 கிலோமீட்டர் நடை.

1,570 கலோரியும் ஒரு நாளைக்கு ஐந்து கிலோமீட்டர் நடையும். இன்று ஒருவர் வந்து இதைச் சொன்னால், "நல்ல டயட்தானே!" என்போம்.

ஆறு மாதத்தில் அவர்களின் எடை கால்வாசி குறைந்தது. இதயத் துடிப்பு மெதுவானது. கோடையிலும் குளிரெடுத்தது, போர்வை கேட்டார்கள். காபியும் சூப்பும் நாக்கு சுடுகிற சூட்டில் வேண்டும் என்றார்கள். படிக்கட்டு ஏறுவது பெரிய வேலையாகிவிட்டது. தட்டை நக்கினார்கள், ஒரு வேளைச் சாப்பாட்டை இரண்டு மணி நேரம் வைத்துக்கொண்டு சிறுகச் சிறுகத் தின்றார்கள். சமையல் புத்தகங்களைச் சேகரித்து இரவெல்லாம் படித்தார்கள். அவர்களில் பலர் அதற்கு முன் சமையலில் ஆர்வமே இல்லாதவர்கள். எரிச்சல், சோர்வு, யாரோடும் பேசப் பிடிக்காமை, பெண்கள்மீது ஆர்வமே அற்றுப்போனது எல்லாம் குறிப்பேடுகளில் பதிவாயின. 1950-ல் இரண்டு பெரிய தொகுதிகளாக அந்த ஆய்வு வெளிவந்தது.

அவர்கள் ஆரம்பத்திலேயே ஒல்லியானவர்கள். கொழுப்புச் சேமிப்பு அதிகம் இல்லாதவர்கள். எண்பது கிலோ இருப்பவருக்கு அதே வேகத்தில் அதே பாதிப்பு வராது. ஆனால் ராத்திரி பதினொரு மணிக்குப் பசியோடு படுத்துக்கொண்டு சமையல் ரீல்ஸாகத் தள்ளிக்கொண்டிருக்கும் யாரும், அந்தச் சமையல் புத்தகங்கள் எதற்காகச் சேர்ந்தன என்பதைப் புரிந்துகொள்வார்கள். அது மனக்கட்டுப்பாட்டுக் குறைவு அல்ல. பசித்த மூளை அப்படித்தான் வேலை செய்யும்.

இன்னொன்றையும் இந்த ஆய்வு தெளிவாக்குகிறது. 'குறைவாகச் சாப்பிட்டால் உடம்பு பிடித்துவைத்துக்கொள்ளும், எடையே குறையாது' என்று ஜிம்களில் ஒரு பேச்சு உண்டு. அது சரியில்லை. பட்டினி கிடந்தால் எடை குறையும். அந்த 36 பேருக்கும் குறைந்தது. குறைந்ததில் எது போனது, அதற்கு என்ன விலை கொடுத்தோம் என்பதுதான் பார்க்க வேண்டியது.

> எண்களில்...
>
> 65 கிலோ எடையுள்ளவர் ஒரு மணி நேரம் வேகமாக நடந்தால் செலவாவது: சுமார் 230 கலோரி. மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால்: சுமார் 500.
>
> 'ஏழாயிரத்து எழுநூறு கலோரி குறைத்தால் ஒரு கிலோ குறையும்' என்ற கணக்கின் மூலம்: 1958-ல் மேக்ஸ் விஷ்னோஃப்ஸ்கி என்ற அமெரிக்க மருத்துவர் எழுதிய கட்டுரை. எடை குறையக் குறைய உடம்பின் செலவும் குறைவதால், மாதக்கணக்கில் இந்தக் கணக்கு அப்படியே பலிக்காது.
>
> முதல் வாரத்தில் சரசரவென இறங்குவதில் பெரும்பகுதி தண்ணீர். தசையிலும் ஈரலிலும் சேமித்திருக்கும் கிளைகோஜன் கரையும்போது, அதோடு சேர்ந்திருந்த நீரும் வெளியேறுகிறது.

குறைந்தது கொழுப்பா, தசையா?

நார்வேயில் முன்னணி விளையாட்டு வீரர்களை இரண்டு குழுவாகப் பிரித்துப் பார்த்தார்கள். முடிவுகள் 2011-ல் வெளியாயின. இரு குழுவும் வாரத்துக்கு நான்கு நாள் எடை தூக்கினார்கள். ஒரு குழு வாரத்துக்கு உடல் எடையில் 0.7 சதவிகிதம் குறைத்தது, இன்னொன்று 1.4 சதவிகிதம். மொத்தத்தில் இறக்கிய எடை கிட்டத்தட்ட ஒன்றுதான். மெதுவாகக் குறைத்தவர்களுக்குக் கொழுப்பு 31 சதவிகிதம் போனது. தசை உள்ளிட்ட கொழுப்பற்ற எடை 2.1 சதவிகிதம் கூடியது. அவசரப்பட்டவர்களுக்குக் கொழுப்பு 21 சதவிகிதம்தான் குறைந்தது; தசை கூடவே இல்லை. உழைப்பு ஒன்று, பலன் வேறு.

அவசரத்தின் உச்சத்தைப் பார்க்க வேண்டுமென்றால், 'தி பிகெஸ்ட் லூசர்' என்ற அமெரிக்க டி.வி நிகழ்ச்சியைப் பார்க்கலாம். முப்பது வாரத்தில் சராசரியாக 58 கிலோ குறைத்தவர்களை, ஆறு ஆண்டு கழித்து கெவின் ஹால் என்ற விஞ்ஞானியின் குழு சோதித்தது. 2016-ல் வெளியான அந்த ஆய்வில் இருந்தவர்கள் 14 பேர். சராசரியாக 41 கிலோ திரும்பி வந்திருந்தது. அதைவிட அதிர்ச்சி, சும்மா இருக்கும்போது அவர்கள் உடம்பு செலவழித்த கலோரி, அந்த உடல்வாகுக்கு இருக்க வேண்டியதைவிட ஒரு நாளைக்குச் சுமார் 500 குறைவாக இருந்தது. நிகழ்ச்சி முடிந்து ஆறு ஆண்டு கழித்தும்!

'டயட்டை விட்டதும் ரெண்டு மடங்கா ஏறிடுச்சு' என்று சொல்கிறவர்களைச் சோம்பேறி என்று முத்திரை குத்தும் ட்ரெயினர்கள் இந்த எண்ணை ஒருமுறை படிக்க வேண்டும்.

மாதவிடாய் நிற்பது சாதாரணமல்ல

எல்லாவற்றையும்விட மௌனமாகக் கடந்துபோகிற பாதிப்பு இது. எடை குறைகிறது, ஜீன்ஸ் இரண்டு சைஸ் இறங்குகிறது, பாராட்டு குவிகிறது. இரண்டு மாதமாகப் பீரியட்ஸ் வரவில்லை. 'ஸ்ட்ரெஸ்ஸா இருக்கும்', 'வொர்க்-அவுட் பண்ணா அப்படித்தான்' என்று ஆறுதல் சொல்லிக்கொள்கிறார்கள்.

வொர்க்-அவுட் செய்தால் அப்படித்தான் ஆகுமா? அமெரிக்காவின் ஒஹாயோ பல்கலைக்கழகத்தில் ஆன் லௌக்ஸ் என்ற ஆய்வாளர் இதைத்தான் பிரித்துப் பார்த்தார். கடுமையாக உடற்பயிற்சி செய்த பெண்களில் ஒரு பகுதியினருக்கு, செலவான கலோரியை ஈடுகட்டும் அளவுக்குச் சாப்பாடு கொடுத்தார். மாதவிடாயை இயக்கும் ஹார்மோனின் துடிப்பு அவர்களுக்குக் கெடவில்லை. சாப்பாட்டில் பற்றாக்குறை வைத்தவர்களுக்குத்தான் கெட்டது. 1998-ல் வந்த முடிவு இது: குற்றவாளி உடற்பயிற்சி அல்ல, பற்றாக்குறை. 2003-ல் இன்னும் நுணுக்கமாகப் பார்த்தார். உடற்பயிற்சிக்குப் போனது போக, கொழுப்பற்ற உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 30 கலோரிக்குக் கீழே மிஞ்சினால், ஐந்தே நாளில் அந்த ஹார்மோன் ஒழுங்கு குலைய ஆரம்பித்தது.

எடை குறைந்தால் போட்டியில் வேகம் கூடும் என்ற நம்பிக்கையில் இதே பள்ளத்தில் விழுந்தவர்களில் ஒருவர் மேரி கெய்ன். 2013 உலகத் தடகளப் போட்டியில் 17 வயதில் அமெரிக்காவுக்காக ஓடிய அதிசயச் சிறுமி. எடையைக் குறைக்கச் சொல்லித் தன்னை நெருக்கினார்கள் என்றும், மூன்று ஆண்டு மாதவிடாய் நின்றுபோய், ஐந்து எலும்புகள் முறிந்தன என்றும் 2019-ல் அவர் வெளிப்படையாகப் பேசினார். மாதவிடாய் நிற்பதும் எலும்பு முறிவதும் ஒரே கதையின் இரண்டு அத்தியாயங்கள். ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் எலும்பின் அடர்த்தி குறையும். இளமையில் சேர்க்க வேண்டிய எலும்பை அப்போது விட்டால், மெனோபாஸுக்குப் பிறகு அதற்கான விலையைக் கொடுக்க வேண்டிவரும்.

சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-ல் இந்தக் கலோரிப் பற்றாக்குறை நிலைக்கென்று ஓர் அறிக்கையே வெளியிட்டது. இது பெண்களுக்கு மட்டுமானதல்ல என்றும் அது சொன்னது. ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் குறையும், தாம்பத்திய ஆர்வம் மங்கும், காயங்கள் சீக்கிரம் ஆறாது. நம் ஊரில் சிக்ஸ் பேக் கனவோடு கார்போவை அடியோடு வெட்டிவிட்டு இரண்டு வேளை ஜிம் போகும் பையன்கள், இதை யாரிடமும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

மற்றவை எல்லோருக்கும் தெரிந்தவைதான். ஆனால் இணைத்துப் பார்ப்பதில்லை. டயட் தொடங்கி இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாக முடி கொட்டும். தண்ணீர் சரியில்லை, ஷாம்பு சரியில்லை என்போம். மிக வேகமாக இளைத்தால் பித்தப்பையில் கல் சேரும் ஆபத்து கூடும். தூக்கம் கெடும். யார் என்ன பேசினாலும் எரிந்து விழத் தோன்றும்.

நம் வீட்டு அடுப்படியிலிருந்து...

மின்னசோட்டாவில் நல்ல உணவு உண்டு வளர்ந்த இளைஞர்களுக்கே இந்தக் கதி. நம் வீட்டுப் பெண்கள் எந்த இடத்திலிருந்து டயட்டைத் தொடங்குகிறார்கள்?

எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, கடைசியில் மீந்த சோற்றில் குழம்பின் அடியை ஊற்றிச் சாப்பிடும் பழக்கம் நம்மிடம் இன்னும் போகவில்லை. மீன் துண்டும் முட்டையும் பிள்ளைகளுக்கும் கணவருக்கும் போய்விடும். செவ்வாய், வெள்ளி, கிருத்திகை, பிரதோஷம் என்று விரதங்கள் தனி. அதே 2019-21 கணக்கெடுப்பில், தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. அதிக எடையும் ரத்தசோகையும் ஒரே உடம்பில் இருக்கலாம். நிறையப் பேருக்கு இருக்கிறது. வயிறு சோற்றால் நிரம்பியிருக்கும். இரும்புச்சத்தும் புரதமும் வந்திருக்காது.

அப்படிப்பட்டவர் கையில் 1,200 கலோரி சார்ட்டைக் கொடுத்து, ஒரு மணி நேர ஜும்பாவும் ஆடச் சொன்னால், முதலில் வெட்டுப்படுவது ஏற்கெனவே குறைவாக இருந்த பருப்பும் தயிரும் முட்டையும்தான். மயங்கி விழாமல் இருப்பதே பெரிய விஷயம். இதைத் 'தன்னம்பிக்கை' என்று கொண்டாடுவதை நம் விளம்பரங்களும் வாட்ஸ்அப் குழுக்களும் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

> தட்டில் இருக்கும் புரதம் (தோராயமாக)
>
> முட்டை 1: 70 கலோரி, 6 கிராம் புரதம்
>
> வேகவைத்த கொண்டைக்கடலைச் சுண்டல் 100 கிராம்: 160 கலோரி, 9 கிராம்
>
> தயிர் ஒரு கப்: 120 கலோரி, 6 கிராம்
>
> வேர்க்கடலை ஒரு கைப்பிடி (30 கிராம்): 170 கலோரி, 7 கிராம்
>
> சமைத்த மத்தி, அயிலை 100 கிராம்: 20 கிராம் புரதம்
>
> சோறு 100 கிராம்: 130 கலோரி, 3 கிராமுக்கும் குறைவு

வாட்ச் சொல்வதை நம்பலாமா?

கையில் கட்டிய கருவி '480 கலோரி எரித்துவிட்டீர்கள்' என்றதும் சந்தோஷமாக இருக்கும். 2017-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏழு வகைக் கருவிகளை 60 பேர் கையில் கட்டிச் சோதித்தார்கள். இதயத் துடிப்பைப் பெரும்பாலானவை சரியாகவே சொல்லின. கலோரிச் செலவில் மட்டும், இருப்பதிலேயே நல்ல கருவியே சராசரியாக 27 சதவிகிதம் பிசகியது. மோசமானது 93 சதவிகிதம். ஆக, வாட்ச் காட்டுகிற எண்ணை வைத்துக்கொண்டு சாப்பாட்டைக் கூட்டுவதும் குறைப்பதும் வீண்வேலை.

நம் பக்கத்துத் தவறும் உண்டு. 1992-ல் நியூயார்க்கில் நடந்த ஓர் ஆய்வு. 'ரொம்பக் குறைவாத்தான் சாப்பிடுறேன், எடை இறங்க மாட்டேங்குது' என்றவர்களின் உண்மையான உணவளவைக் கணக்கிட்டார்கள். சாப்பிட்டதை ஏறக்குறைய பாதியாகக் குறைத்துச் சொல்லியிருந்தார்கள். உழைப்பைப் பாதிக்குப் பாதி கூட்டிச் சொல்லியிருந்தார்கள். வேண்டுமென்று சொன்ன பொய் அல்ல; கண்ணளவு அப்படித்தான் ஏமாற்றும். தாளிக்க ஊற்றிய எண்ணெய், குழந்தை மிச்சம் வைத்த அரை தோசை, நான்கு வேளை காபியின் சர்க்கரை எதுவும் கணக்கில் ஏறுவதில்லை. எடை அசையாமல் நின்றால் முதலில் ஒரு வாரம் எல்லாவற்றையும் நேர்மையாக எழுதிப் பாருங்கள். உண்மையிலேயே குறைவாகச் சாப்பிடுகிறீர்களா இல்லையா என்பது அப்போதுதான் தெரியும். இரண்டுக்கும் வைத்தியம் நேரெதிர்.

அப்படியானால் எவ்வளவு?

ஓர் உதாரணம் போட்டுப் பார்க்கலாம். 35 வயதுப் பெண்; உயரம் 157 செ.மீ, எடை 65 கிலோ. கொழுப்பு போக உடம்பு சுமார் 42 கிலோ. அலுவலக வேலை. தினமும் 300 கலோரி அளவுக்கு உடற்பயிற்சி. இவர் எடை ஏறாமல் இறங்காமல் இருக்கச் சுமார் 2,100 கலோரி வேண்டும். 1,200 மட்டும் சாப்பிட்டால், உடற்பயிற்சிக்கு 300 போக மிஞ்சுவது 900. 42-ஆல் வகுத்தால் கிலோவுக்கு 21 கலோரி. லௌக்ஸ் சொன்ன 30-க்கு வெகு கீழே. 1,600 சாப்பிட்டால் கிலோவுக்கு 31 கலோரி மிஞ்சும், அப்போதும் தினம் 500 பற்றாக்குறை இருக்கும், எடை குறையும். அந்த 30 என்ற எல்லை, பெரும்பாலும் ஒல்லியான இளம்பெண்களிடம் பார்த்தது. எல்லோருக்கும் கோடு போட்டதுபோல் பொருந்தாது. இருந்தாலும் சார்ட் எழுதுகிறவர் இந்த வகுத்தலை ஒருமுறை செய்துபார்ப்பதில் தவறில்லை.

1,200-க்கும் 1,600-க்கும் நடுவிலுள்ள அந்த 400 கலோரி என்பது என்ன? காலையில் இரண்டு இட்லி, சாம்பார், ஒரு முட்டை. சாயங்காலம் ஒரு கிண்ணம் சுண்டல். அவ்வளவுதான். தலைசுற்றாமல் வேலை பார்ப்பதற்கும், இரவு பத்து மணிக்கு பிஸ்கட் பாக்கெட்டை மொத்தமாகக் காலி செய்யாமல் இருப்பதற்கும் அந்தச் சாப்பாடு போதும்.

புரதத்தில் கஞ்சத்தனம் கூடாது. சாதாரணமாக ஒரு கிலோ உடல் எடைக்கு 0.83 கிராம் என்பது நம் நாட்டுப் பரிந்துரை. எடை குறைத்துக்கொண்டே உடற்பயிற்சியும் செய்பவர்களுக்கு அது போதாது. கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகம் 2016-ல் வெளியிட்ட ஆய்வில், அதிக எடையுள்ள 40 இளைஞர்களின் கலோரியை 40 சதவிகிதம் வெட்டி, வாரத்துக்கு ஆறு நாள் கடும் பயிற்சி கொடுத்தார்கள். கிலோவுக்கு 1.2 கிராம் புரதம் சாப்பிட்டவர்கள் இருந்த தசையைக் காப்பாற்றிக்கொண்டார்கள். 2.4 கிராம் சாப்பிட்டவர்களுக்கு நான்கு வாரத்தில் கொழுப்பற்ற எடை 1.2 கிலோ கூடவே செய்தது. கொழுப்பும் அதிகம் கரைந்தது. 2.4 எல்லோருக்கும் தேவையில்லை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கூட்டவும் கூடாது. 'கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்றார்களே, உலர்ந்த கொள்ளில் நூறு கிராமுக்கு இருபது கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது. ரசமாக வடித்துக் குடிப்பதோடு நிறுத்தாமல், பருப்பையும் துவையலாகச் சாப்பிட்டால்தான் அது உடம்பில் சேரும்.

மிகக் குறைந்த கலோரி உணவுக்கு மருத்துவத்தில் இடமே இல்லையா? உண்டு. பிரிட்டனில் 2017-ல் வெளியான டைரக்ட் ஆய்வில், சர்க்கரை நோயாளிகளுக்குச் சில மாதங்கள் தினம் 850 கலோரி அளவில் சத்துபானம் மட்டும் கொடுத்தார்கள். ஓராண்டு முடிவில் 46 சதவிகிதம் பேர் மருந்தில்லாமல் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருந்தார்கள். அது மருத்துவக் குழுவின் கண்காணிப்பில் நடந்தது. உடற்பயிற்சியைக் கூட்டச் சொன்னதும் சாதாரணச் சாப்பாடு திரும்பத் தொடங்கிய பிறகுதான். அரைப்பட்டினியையும் ஓட்டத்தையும் வீட்டிலேயே ஒன்றாகச் சேர்ப்பது முற்றிலும் வேறு விஷயம்.

ஏற்கெனவே சரிந்திருந்தால்...

கீஸின் மின்னசோட்டா ஆய்வில் அதிகம் பேசப்படாத பகுதி, பட்டினி முடிந்த பிறகான மாதங்கள். மீட்கும் கட்டத்தில் சிலருக்குக் கொஞ்சம் கூடுதல் சாப்பாடு, சிலருக்கு நிறைய; சிலருக்கு வைட்டமின், சிலருக்குக் கூடுதல் புரதம் என்று பிரித்துக் கொடுத்தார். போதுமான கலோரி இல்லாதவரை, வைட்டமினாலும் புரதத்தாலும் பெரிய பயன் இல்லை. ஒரு நாளைக்கு 4,000 கலோரி அளவுக்குச் சாப்பாடு போன பிறகுதான் அவர்கள் உடம்பு தேறியது. முடி கொட்டுகிறதென்று பயோட்டின் மாத்திரையும், சோர்வுக்கு மல்டிவைட்டமினும் வாங்கிப் போட்டுக்கொண்டு, தட்டை மட்டும் காலியாகவே வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நாலாயிரம் நமக்கு வேண்டாம். இப்போது சாப்பிடுவதோடு வாரத்துக்கு நூறு, இருநூறு கலோரியாகக் கூட்டிக்கொண்டு போகலாம். முதலில் ஒன்றிரண்டு கிலோ ஏறினால் பயப்பட வேண்டாம். அதில் தண்ணீரே அதிகம். ஓட்டத்தை வாரத்தில் சில நாள் நிறுத்திவிட்டு, எடை தூக்கும் பயிற்சிக்கு மாறலாம். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், தைராய்டு, வைட்டமின் டி ஆகியவற்றை ஒருமுறை பரிசோதித்துவிடலாம். சாப்பிட்டாலே குற்றவுணர்ச்சி வருகிறது, யாரும் பார்க்காதபோது வாந்தி எடுக்கத் தோன்றுகிறது என்றால், அடுத்த டயட்டைத் தேடாதீர்கள். மனநல மருத்துவரிடம் போங்கள்.

மூன்று மாதம் தொடர்ந்து மாதவிடாய் வராவிட்டால் மகப்பேறு மருத்துவரைக் கட்டாயம் பார்க்க வேண்டும். கர்ப்பம், தைராய்டு, பி.சி.ஓ.எஸ் எல்லாவற்றையும் அவர் பரிசோதிப்பார். தினம் எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறீர்கள், என்ன சாப்பிடுகிறீர்கள், எத்தனை மாதத்தில் எத்தனை கிலோ இறங்கினீர்கள் என்பதை, அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.